மேலே ஒட்டிய விலை

மீட்டர்காரர் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள், அவருடைய தங்கை சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டு, மூக்கைப் பொத்தவும் மறந்து, "அடேங்கப்பா!" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்த அறைக்கென்று ஒரு நாற்றம் உண்டு. துணிக்குப் போடும் வாசனைத் திரவம் ஒரு பாட்டில் எப்போதோ கசிந்து, அட்டைப் பெட்டிகளின் அடியில் ஊறி, ரோஜாவும் பூஞ்சணமும் கலந்த மாதிரி ஒரு நெடி. தரையிலிருந்து கூரை வரை சாமான்கள். நாய் பிஸ்கட் மூட்டை, குழந்தைகளுக்கான டயப்பர், தலைச் சாயம். அந்த வீட்டில் நாயும் இல்லை, குழந்தையும் இல்லை. சாயம் பூச அவர் தலையில் முடியும் இருந்ததில்லை.

"அண்ணி, இவ்வளவும் ஓசியிலயா?"

"ஆமா."

"என்ன மூளை, என்ன மூளை! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. பேரம் பேச அனுப்பினா விலையை ஏத்திட்டு வரும்."

சொல்லிக்கொண்டே நாத்தனார் தன் பையை விரித்து, காப்பித்தூள் பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ள ஆரம்பித்தாள். மீட்டர்காரரின் மனைவி தடுக்கவில்லை. அந்த அறையிலிருந்து எது குறைந்தாலும் நல்லதுதான். ஒன்பது நாளாக அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் போனாள்.

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர் அவர். அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கடுகு மாதிரி இருக்கும் எண்ணை எட்ட நின்றே படித்துவிடுவார். ஓய்வு பெற்றபிறகு அந்தக் கண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்போதுதான் இரண்டு தெரு தள்ளி அந்தப் பெரிய சூப்பர்மார்க்கெட் திறந்தார்கள். பில் போடும் கஸ்டமர் சர்வீஸ் மேசைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. அலமாரியில் போட்ட விலையைவிட பில்லில் அதிகம் விழுந்தால் அந்தப் பொருள் இலவசம், ஒரு வீட்டுக்கு ஒன்று. வருகிறவர்கள் எல்லாரும் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் மட்டும் நின்று படித்தார்.

முதல் தடவை உள்ளதைச் சொன்னால் தற்செயல்தான். ஒரு தேன் பாட்டிலுக்கு உண்மையாகவே பில்லில் அதிகம் விழுந்துவிட்டது. கேட்டார், கொடுத்துவிட்டார்கள். இருவரும் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்தத் தேன் இனித்தது என்பதை அவள் எந்தக் காலத்திலும் மறுக்கமாட்டாள். கரண்டியை நக்கியவள் அவள்தான்.

அடுத்த வாரமே அவர் கடையின் நாடியைப் பிடித்துவிட்டார். திங்கட்கிழமையோடு பழைய விலைகள் முடியும். கணினியில் இரவோடு இரவாகப் புது விலை ஏறிவிடும். ஆனால் அலமாரிச் சீட்டுகளை ஒரு மனுஷிதான் கையால் ஒட்டவேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும்போது கடைசி இரண்டு வரிசைகளில் அவள் கை இன்னும் பட்டிருக்காது. அந்த இரண்டு வரிசைதான் அவருடைய வயல். "அறுவடைக்குப் போலாமா?" என்பார் செவ்வாய் தோறும், தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

பலகையில் வீட்டுக்கு ஒன்று என்றுதானே போட்டிருக்கிறது? அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார்.

"நாம ரெண்டு வீடாயிடுவோம். வாசல்ல நுழைஞ்சா நீ யாரோ, நான் யாரோ."

"முப்பத்தாறு வருஷம் கழிச்சு இப்பதான் என்னைத் தள்ளி வைக்கிறீங்களா?"

"கடைக்குள்ள மட்டும்தான்டி. வீட்டுக்கு வந்ததும் மறுபடி கட்டிக்கிறேன்."

அவள் சிரித்தாள். அப்போது அது ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் முதலில் போவார். அவள் மரத்தடியில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவாள். ஒரே பொருளை இருவரும் எடுப்பார்கள். மேசையில் அவர் சண்டை போடாமல், சிரித்த முகமாகப் பலகையைக் காட்டி வாங்கிக்கொண்டு போனதும், இரண்டு மூன்று பேர் தள்ளி நிற்கும் அவள், தன் முறை வந்ததும், "அட, எனக்கும் அப்படித்தான் விழுந்திருக்கு" என்று ஆச்சரியப்படுவாள். திரும்பும்போதும் அதே ஐந்து நிமிஷம். அவர் கோடைக்கும் மழைக்கும் ஸ்கூட்டரில் உட்கார்ந்து காத்திருப்பார்.

ஒருமுறை ஈரத் தரையில் அவர் கால் வழுக்கியபோது அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துவிட்டாள். வீடு வந்ததும் அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"தெரியாத ஆள் விழுந்தா அப்படித்தான் ஓடுவியா?"

"யார் விழுந்தாலும் ஓடத்தானே செய்வாங்க?"

"ஓடு. ஆனா மெதுவா ஓடு. முகத்துல பதற்றம் தெரியுது. தெரியாதவனுக்குப் பதற மாட்டாங்க."

அதையும் அவள் கற்றுக்கொண்டாள். ஆறு வருஷத்தில் கடைக்குள் அவர் இருமினால்கூட அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவளுக்கு அருவருப்பு எப்போது தொடங்கியது என்று கேட்டால், கோழிக்கறிதான் என்பாள். கெட்டுப்போன பொருளைக் கொண்டுவந்தால் இரட்டிப்புப் பணம் என்று கடையில் இன்னொரு பலகை மாட்டினார்கள். அவர் ஒரு பாக்கெட் கறியை வாங்கிவந்து, பால்கனியில் வெயில் விழும் மூலையில் வைத்தார். இரண்டாம் நாள் அந்த பாக்கெட் உப்பியிருந்தது. பச்சை ஓரம் கட்டி, ஈ மொய்த்து, பக்கத்து வீட்டுக்காரம்மா எலி செத்திருக்கிறதா என்று வந்து கேட்டாள். அதைப் பைக்குள் பை போட்டு அவள் மடியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அது கதகதவென்று அவள் தொடையில் அசைந்துகொண்டே வந்தது.

பாக்கெட்டைத் திறந்து பார்த்து எழுதவேண்டும் என்பது கடைச் சட்டம். மேசைப் பெண் திறந்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, அப்படியே மறுகையால் எழுதினாள். மீட்டர்காரர் அப்போது பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளாக நின்ற அவர் மனைவி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கு வீட்டில் கேட்டாள். "இது தப்பில்லையா?"

"யாருக்குத் தப்பு? சட்டம் போட்டவன் அவன். நான் படிச்சேன், அவ்வளவுதான். இந்தக் கடைக்காரன் நம்ம கிட்ட அடிக்கிறதுல இது தூசு."

"அந்தப் பொண்ணுதானே மோந்து பாக்குறா?"

"அது அவங்களுக்குள்ள விஷயம்."

அவள் எழுந்துபோய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறு செவ்வாய் மரத்தடியில் போய் நின்றாள்.

சீட்டு ஒட்டும் மனுஷிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கீழ்த்தட்டுகளுக்கு மண்டியிட்டே போகவேண்டும் என்பதால் இரண்டு முழங்காலிலும் பழைய பஞ்சணைத் துண்டுகளை நாடா போட்டுக் கட்டியிருப்பாள். ஒவ்வொரு விலைத் தவறுக்கும் மேசையில் ஒரு தாள் எழுதப்படும். அந்தத் தாளின் கடைசியில் அவள் கையெழுத்துப் போடவேண்டும். இதை மீட்டர்காரரின் மனைவி வரிசையில் நின்றே தெரிந்துகொண்டாள். மேசைப் பெண் அடிக்குரலில், "அக்கா, இந்த மாசம் உனக்கு இது அஞ்சாவது" என்றதும், முழங்கால் துண்டோடு எழுந்துவந்தவள் கையெழுத்துப் போட்டதும் அவள் கண்முன்னாலேயே நடந்தது.

பிறகு அந்த மனுஷி விழித்துக்கொண்டாள். விடியும் முன்பே வந்து எல்லா வரிசையையும் முடிக்க ஆரம்பித்தாள். பழைய சீட்டை உரிக்க நேரமில்லாததால் அதன் மேலேயே புதிதை ஒட்டிக்கொண்டே போனாள். கடை திறக்கும்போது ஒரு தவறும் இருக்காது. மூன்று செவ்வாய் அவர் வெறுங்கையோடு திரும்பினார். முகத்தைப் பார்க்க சகிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

நான்காவது செவ்வாயன்று சவரச் சாமான் வரிசையில், கீழ்த்தட்டுக்கு முன்னால் அவர் குந்தி உட்கார்ந்ததை அவள் அடுத்த வரிசையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தைப் புதுச் சீட்டின் ஓரத்தில் கொடுத்து மெல்ல நெம்பினார். சீட்டு வந்தது. அடியில் பழைய விலை. பிறகு ஒரு பிளேடு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, அவளைத் தாண்டிப் போனார். தெரியாதவர் போவது மாதிரியே போனார்.

அவளும் அதே பாக்கெட்டை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். கை போயிற்று, எடுத்தது.

அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரே ஒரு ஆள். அவர் பலகையை நோக்கி விரலை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. முகம் சாம்பல் பூத்தது. மேசை விளிம்பைப் பிடித்தவர், பிடி நழுவி, பக்கவாட்டில் சரிந்து தரையில் கிடந்தார். யாரோ கத்தினார்கள். காவலாளி ஓடிவந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினான். மேசைப் பெண் மேசையைச் சுற்றிவந்து மண்டியிட்டு, நிமிர்ந்து கேட்டாள்.

"இவரை யாருக்காவது தெரியுமா?"

அவள் நேராக மீட்டர்காரரின் மனைவியைத்தான் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள் இவள்.

யோசித்துச் சொல்லவில்லை. ஆறு வருஷம் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. கீழே கிடந்தவருக்கு நினைவு இருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை அவள் முகத்தில் பட்டு, நிற்காமல், அடுத்த ஆளின் முகத்துக்குப் போயின. கண் தெரியாமல் போனதா, அல்லது அந்த நேரத்திலும் அவர் பழக்கத்தைக் காப்பாற்றினாரா? அதை மட்டும் அவளால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. முகத்தில் பதற்றம் தெரியாமல் எத்தனை நேரம் நின்றாள் என்பதும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது, "பாவம், தனியா போறாரே, நான் கூடப் போறேன்" என்று ஏறிக்கொண்டாள். வண்டிக் கதவு சாத்திய பிறகுதான் அவர் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. அவளுடைய மற்றொரு கையில் அவள் எடுத்த பிளேடு பாக்கெட் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் விரித்தபோது, வலது கை மடிப்பின் உள்ளே அந்தப் புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைய தேதி, ஒட்டியவளின் எண் எல்லாம் அச்சாகியிருந்தது. பின்புறத்துப் பசையில், அடியிலிருந்த பழைய சீட்டின் ஓரத்தாள் மெல்லிய தோல் மாதிரி உரிந்து வந்திருந்தது. அவள் அதை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்தாள்.

"அண்ணி, கேக்குறீங்களா?" நாத்தனார் இரண்டாவது பையை நிரப்பிக்கொண்டிருந்தாள். "நான் நேத்து அந்தக் கடைக்குப் போய் மேனேஜரைப் பாத்துட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? கடைக்குள்ள விழுந்து உயிர் போயிருக்கு, சும்மா விடுறதா? அந்தச் சீட்டு ஒட்டுறவ விலையைத் தப்பா வெச்சதாலதான் தகராறு, தகராறாலதான் அண்ணனுக்கு நெஞ்சு அடைச்சுதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். மேனேஜர் வெலவெலத்துட்டான். அவளை இந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிடறேங்கறான். நமக்கும் ஏதோ தொகை தர்றதா மேல பேசறானாம். நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும். பொண்டாட்டி போட்டாதான் செல்லுமாம்."

"தகராறே நடக்கலையே."

"நீங்க கூட இருந்தீங்களா என்ன?"

கடைக்கு இருவரும் சேர்ந்து போனதாக அவர் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. தங்கையின் பையிலிருந்து காப்பித்தூள் வாசனையோடு அந்தப் பூஞ்சண ரோஜா நெடியும் வந்தது.

"சரி, போலாம்," என்றாள். உள்ளே போய்த் தீப்பெட்டியையும் பிளேடு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டாள்.

கடையில் மேனேஜர் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே, கஸ்டமர் சர்வீஸ் மேசையிலேயே தாளை எடுத்து வைத்தார். சீட்டு ஒட்டுகிறவளையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் முழங்கால் துண்டுகளோடு வந்து ஓரமாக நின்றாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு மேடம்," என்று மேனேஜர் பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. தீப்பெட்டியைத் திறந்து சீட்டை மேசையில் வைத்தாள்.

"இது என்ன மேடம்?"

"இந்தம்மா ஒட்டின சீட்டு. சரியாத்தான் ஒட்டியிருக்காங்க. பின்னாடி பாருங்க, பழசோட தோல் இருக்கு. இதை உரிச்சது அவர்தான். நான் பாத்தேன்."

நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள். "அண்ணி, துக்கத்துல என்ன பேசறோம்னே தெரியல உங்களுக்கு. சார், இவங்க ஒன்பது நாளா சரியாச் சாப்பிடல."

"சாப்பிட்டேன்," என்றாள் அவள். "இந்தப் பாக்கெட்டுக்கு நான் காசு கொடுக்கல. கையோட கொண்டுபோயிட்டேன். அன்னைக்கு நான் இங்கதான் நின்னேன். அவர் என் வீட்டுக்காரர்."

"தெரியும்," என்றாள் மேசைப் பெண்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் பிளேடு பாக்கெட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"இந்தக் கண்ணாடி வழியா வண்டி நிறுத்துற இடம் நல்லாத் தெரியும் மேடம். சார் ஹெல்மெட்டைக் கழட்டி உங்க கையில கொடுப்பாரு. உங்க காலர் மடங்கியிருந்தா சரிபண்ணி விடுவாரு. அப்புறம் நீங்க மரத்தடியில நிப்பீங்க. ஆறு வருஷமா பாக்குறோம். இன்னைக்கு எத்தனை நிமிஷம் நிப்பீங்கன்னு நாங்க பந்தயம்கூட கட்டியிருக்கோம்."

"அப்போ அன்னைக்கு, யாருக்காவது தெரியுமான்னு..."

"உங்களைத்தான் கேட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோழிக்கறிப் பாக்கெட்டைத் திறந்த அன்று இருந்த அதே முகம். ஆனால் இந்தத் தடவை அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சீட்டு ஒட்டுகிறவள் முன்னால் வந்து, சீட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பசையில் ஒட்டியிருந்த தாள்தோலை விரலால் தடவினாள்.

"இது ஒண்ணு," என்றாள். "மத்ததெல்லாம்?"

மற்றதெல்லாம் அவர் உரிக்கவில்லை, அவை உன் கை படாத வரிசைகள், நாங்கள் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். இப்படிச் சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்த 'அவ்வளவுதான்' யாருடைய குரல் என்று தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். நாத்தனாரின் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தைக் காட்டி, சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதினாள். கடைசியில் தன் பெயரைப் போட்டு, இன்னாரின் மனைவி என்று அவர் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தக் கடையில் அவர்கள் இருவர் பெயரும் ஒரே தாளில் வந்தது அதுதான் முதல் தடவை. மேனேஜர் படித்துவிட்டு, சீட்டு ஒட்டுகிறவளைப் பார்த்து, "நீங்க வேலைக்குப் போங்கம்மா" என்றார். மன்னிப்பு மாதிரி எதுவும் சொல்லவில்லை. அவளும் நன்றி மாதிரி எதுவும் சொல்லவில்லை. போய் ஏதோ ஒரு வரிசையில் மண்டியிட்டாள்.

வெளியே வந்ததும் நாத்தனார் பொரிந்து தள்ளினாள்.

"செத்தவரைத் திருடன்னு எழுதிக் கொடுத்துட்டு வர்றீங்களே, நல்லா இருப்பீங்களா? அவர் இருந்தா இப்படிப் பண்ணியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

நாத்தனார் விடுவிடுவென்று முன்னால் போய், ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் அங்கயே நின்னுட்டீங்க? வாங்க!"

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தான் மரத்தடியில் நிற்கிறோம் என்று. முன்னால் போனவர் வண்டிக்குப் போய்ச் சேரட்டும் என்று கால்கள் தாமாக நின்றிருந்தன. நகரச் சொன்னாள், நகரவில்லை. எதிரே கடையின் கண்ணாடி. ஆறு வருஷம் அந்த இடத்தில் நின்றவள் ஒருமுறைகூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மேசைப் பெண்ணின் முகம் மூக்கு நுனி வரை தெளிவாகத் தெரிந்தது. அவள் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.